நீல விளக்கும் வெள்ளைப் பல்லும்



வீட்டிலேயே பல்லை வெளுக்க வைக்கும் ஒரு பெட்டியின் விளம்பரம் நம் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பற்களுக்கு நடுவே கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் தட்டு, அதன் முன்னால் நீல நிறத்தில் எரியும் சின்ன விளக்கு, ஊசிக்குழாயில் ஜெல். பத்துப் பதினைந்து நிமிடம் கடித்தபடி இருந்தால் போதுமாம். பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் மூன்று பேர் தனித்தனியே கேட்டுவிட்டீர்கள்: "டீச்சர், இது வேலை செய்யுமா?"

சுருக்கமான பதில் இதுதான். வெளுக்க வைப்பது ஜெல். விளக்கின் பங்கு மிகக் குறைவு. ஆனால் தருமபுரிப் பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு, அந்த ஜெல்லை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. இரண்டையும் புரிந்துகொள்ள இருநூறு ஆண்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1818-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார் ஒரு புதிய திரவத்தைத் தயாரித்தார். தண்ணீரில் இருப்பதைவிட ஒரு ஆக்சிஜன் அணு கூடுதலாக இருந்ததால், அதை ஆக்சிஜன் ஏறிய தண்ணீர் என்றே அழைத்தார். அதுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. எட்டாம் வகுப்பில் தண்ணீரின் வாய்பாட்டை எழுதிப் பழகியிருப்பீர்கள். அதில் ஆக்சிஜனுக்குப் பக்கத்திலும் ஒரு 2 போட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாக வந்து சேர்ந்த அந்த ஆக்சிஜன் ஓரிடத்தில் நிலையாக நிற்காது. பக்கத்தில் கிடைக்கும் பொருளோடு வினைபுரிந்துவிடும். துணி வெளுக்க, தலைமுடியின் நிறம் மாற்ற, புண் கழுவ என்று இந்தத் திரவம் பல வேலைகளுக்குப் போனது.

பல்லுக்கும் வந்தது. அமெரிக்காவில் 1870-களில் பல் மருத்துவர்கள் ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1884-இல் ஹார்லன் என்ற பல் மருத்துவர் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தினார். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான வெளுக்கும் ஜெல்களுக்கு அதுதான் மூலம்.

அது பல்லுக்குள் என்ன செய்கிறது? பல்லின் மேலுறை எனாமல். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதற்கு உள்ளே இருப்பது டென்டைன், இயல்பிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், வெளியே நமக்குத் தெரியும் நிறத்தில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் டென்டைனுடையது. வயதாக ஆக எனாமல் தேயும், டென்டைன் தடிக்கும், பல் மஞ்சளாகும். டீ, காபி, வெற்றிலை, புகையிலை ஆகியவற்றின் கறை இதன்மேல் சேரும்.

பெராக்சைடு மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே அது டென்டைன் வரை இறங்கிவிடும். கறைக்கு நிறம் கொடுப்பவை நீண்ட சங்கிலி போன்ற கரிம மூலக்கூறுகள். அந்தச் சங்கிலியைப் பெராக்சைடு துண்டுதுண்டாக்குகிறது. உடைந்த துண்டுகளுக்குப் பழைய நிறம் இருக்காது. ஆகவே இது பல்லைச் சுரண்டுவதில்லை, வெள்ளை அடிப்பதும் இல்லை. உள்ளே இருக்கும் நிறத்தை உடைக்கிறது.

இனி விளக்கின் கதை. வேதிவினையைச் சூடு வேகப்படுத்தும் என்று படித்திருக்கிறீர்கள். 1918-இல் அபாட் என்பவர் பெராக்சைடு தடவிய பல்லின்மேல் சக்தி வாய்ந்த விளக்கைக் காட்டினார். அங்கே தேவைப்பட்டது வெளிச்சம் அல்ல, விளக்கின் வெப்பம். சூடேற்றினால் பெராக்சைடு சீக்கிரம் சிதையும், வேலை சீக்கிரம் முடியும் என்பது கணக்கு. பிறகு பல பத்தாண்டுகள் சூடான விளக்கு, சூடான கருவி என்றே இந்த முறை நடந்தது.

சூட்டில் ஒரு ஆபத்து உண்டு. பல்லின் நடுவே உயிருள்ள திசு இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. 1965-இல் ஜாக், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் குரங்குகளின் பல்லைச் சூடாக்கிப் பார்த்தார்கள். உள்திசுவின் வெப்பம் ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் கூடியதற்கே சுமார் 15 சதவீதப் பற்களில் அந்தத் திசு மீளாமல் செத்துப்போனது. சூட்டை நம்பிப் பல்லில் விளையாட முடியாது என்பதற்கு அது பெரிய எச்சரிக்கை.

வீட்டு முறை தற்செயலாகப் பிறந்தது. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பில் கிளஸ்மியர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், ஈறு வீக்கத்துக்காக ஒரு கிருமிநாசினியைப் பல் தட்டில் விட்டு இரவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அதில் இருந்தது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. ஈறு ஆறியது, கூடவே பல்லும் வெளுத்தது. கார்பமைடு பெராக்சைடு ஈரத்தில் யூரியாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். 10 சதவீத ஜெல்லில் கிடைப்பது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. மெதுவாக வெளிவரும் என்பதால் பல மணி நேரம் வேலை செய்யும். 1989-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஹேவுட், ஹேமன் இருவரும் இந்த முறையை ஆராய்ந்து கட்டுரையாக வெளியிட்டார்கள். வாய்க்கு அளவெடுத்துச் செய்த தட்டு, இரவுதோறும் கொஞ்சம் ஜெல், சில வாரங்கள். விளக்கே கிடையாது. வீட்டில் பல் வெளுப்பது உலகமெங்கும் பரவியது இந்த விளக்கில்லாத முறையால்தான்.

அப்படியானால் நீல விளக்கு எங்கிருந்து வந்தது? 1990-களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவானது. அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் அதற்காக 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. விலை இறங்கியதும் எல்லாப் பொருளிலும் நீல விளக்கு ஏறியது. பல் டாக்டரிடம் சொத்தை அடைத்துக்கொண்டவர்களுக்கு அந்த நீல ஒளி ஏற்கெனவே பழக்கம். வெள்ளை நிறப் பசையைப் பல்லில் வைத்து, துப்பாக்கி போன்ற கருவியால் சில விநாடி நீல ஒளி காட்டுவார், பசை கல்லாக இறுகும். அங்கே ஒளி உண்மையிலேயே வேலை செய்கிறது. நீல ஒளியை உறிஞ்சும் கேம்ஃபர்குவினோன் என்ற பொருளை அந்தப் பசையில் சேர்த்திருக்கிறார்கள்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எந்தப் பொருள் ஒளியை உறிஞ்சுகிறதோ அதைத்தான் ஒளி மாற்றும். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும் என்பது உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். மஞ்சளில் உள்ள குர்குமின் நீல ஒளியையும் ஊதா ஒளியையும் நன்றாக உறிஞ்சிச் சிதைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடோ நிறமற்ற திரவம். அது உறிஞ்சுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைத்தான், நீல ஒளி அதைத் தாண்டிப் போய்விடும். "மருந்துக்கடையில் பெராக்சைடை ஏன் டீச்சர் பழுப்புப் பாட்டிலில் வைக்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். வெயிலில் உள்ள அந்தக் கதிர், மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் மருந்தைச் சிதைத்துவிடாமல் இருக்கத்தான். செல்போன் சார்ஜரில் எரியும் சின்ன நீல விளக்கின் பத்து நிமிட வேலை அதற்கு ஈடாகாது. அதில் சொல்லும்படியான சூடும் இல்லை. மருத்துவமனைகளில் ஒரே ஜெல்லை விளக்கோடும் விளக்கில்லாமலும் போட்டு ஒப்பிட்ட ஆய்வுகள் பல நடந்திருக்கின்றன. சில நாட்கள் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்பதே பொதுவான முடிவு.

"ஆனால் முடித்த உடனே பளிச்சென்று இருந்ததே!" இருக்கும். வாயைத் திறந்தபடியே இருந்தால் எச்சில் படாமல் பல் காய்ந்துவிடும். காய்ந்த எனாமல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். மறுநாளைக்குள் எச்சிலில் ஊறி அந்த வெள்ளை இறங்கிவிடும். எனவே முதல் நாள் எடுக்கும் செல்ஃபியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். அதுவும் அமெரிக்காவில்தான் தொடங்குகிறது.

1901-இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் காவிப் பட்டைகள். வெளியூரிலிருந்து பெரியவர்களாகக் குடியேறியவர்களுக்கு அது இல்லை. முப்பது ஆண்டு விடாமல் தேடினார். 1923-இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில், தொலைவில் உள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று தாய்மார்கள் சொன்னார்கள். வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார் மெக்கே. சில ஆண்டுகளில், அதன்பின் பல் முளைத்த சிறு பிள்ளைகளுக்குக் கறை இல்லை. தண்ணீரில் என்ன இருந்தது என்பது 1931-இல் தெரிந்தது. ஓர் அலுமினிய நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், ஆர்கன்சாவின் பாக்சைட் ஊர்த் தண்ணீரில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடைக் கண்டார். 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஃபுளோரைடு எலும்பையும் பாதிப்பதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலும் ஃபுளோரைடு உண்டு. கிணறு வற்றி, போர் ஆழம் போகப் போக அதுவும் கூடவே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் அதற்கு மேல் குடித்தால் எனாமல் சரியாகக் கட்டாது, நுண்துளைகளோடு முளைக்கும். முதலில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு. பிறகு உணவின் நிறம் அந்தத் துளைகளில் ஏறிக் காவிப் பட்டை.

என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பழைய குழு போட்டோக்களைப் பாருங்கள், உதட்டைத் திறந்து சிரிப்பவர்கள் சிலர்தான். "ஒழுங்காப் பல்லு தேய்க்கறதில்ல" என்று பெற்றோரிடமும், ஏன், பெண் பார்க்க வந்தவர்களிடமும் ஏச்சு வாங்கினீர்கள். செங்கல் பொடி, சாம்பல், உமிக்கரி எல்லாம் போட்டுத் தேய்த்தீர்கள். அந்தக் கறை உங்கள் அழுக்கு இல்லை. நீங்கள் குடித்த தண்ணீர் எழுதிய எழுத்து அது. தேய்த்துப் போகாது, தேய்ந்த எனாமலும் திரும்ப வளராது.

வெளுக்கும் ஜெல் இதில் என்ன செய்யும்? லேசான காவியை ஓரளவு மங்கச் செய்யலாம். ஆனால் வெள்ளைத் திட்டு கறையே அல்ல, எனாமலின் அமைப்புக் குறை. அதைப் பெராக்சைடு சரிசெய்யாது, சில சமயம் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். உறவில் ஒரு பெண், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஆன்லைனில் வாங்கிய பெட்டியை ஒரே வாரத்தில் பலமுறை போட்டுக்கொண்டாள். ஜெல் ஈறில் வழிந்து வெந்து, குளிர்ந்த தண்ணீர்கூடக் குடிக்க முடியாத கூச்சம் வந்து, முகூர்த்தத்துக்கு முதல் நாள் வரை கஞ்சிதான். திட்டுகள் அப்படியே இருந்தன. அந்தப் பெட்டியில் ஜெல்லின் வீரியம் எத்தனை சதவீதம் என்றுகூட அச்சிடவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்த விதி, 0.1 சதவீதத்துக்கு மேல் பெராக்சைடு உள்ள பொருளை நேரடியாகக் கடையில் விற்கக் கூடாது என்கிறது. 6 சதவீதம் வரை பல் மருத்துவர் வழியாகத்தான், 18 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது:

முதலில் பல் டாக்டரிடம் காட்டி, இது டீக்கறையா, வயதா, சொத்தையா, தண்ணீர்க் கறையா என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே கேட்கலாம். சொத்தையோ விரிசலோ இருந்தால் ஜெல்லைத் தொடாதீர்கள். அடைத்த பல்லும் கேப் போட்ட பல்லும் வெளுக்காது, நிறம் மாறி நிற்கும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுங்கள். தண்ணீர்க் கறைக்கு மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீராக்குவது, துளைகளில் பிசின் நிரப்புவது என்று தனி வைத்தியங்கள் உண்டு. எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும். எலுமிச்சையும் சோடா உப்பும் சேர்த்துத் தேய்க்கும் வீடியோக்களைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கடைசியாக, ஊரில் இருப்பவர்களுக்கு. 2013 முதல் ஒகேனக்கல் தண்ணீர் நம் பக்கம் வருகிறது. சில வீடுகளில் அதைப் புழங்க வைத்துக்கொண்டு, ருசி பழகிவிட்டது என்று போர் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயதுக்குள் இருக்கும் பேரன் பேத்திகளுக்குக் காவிரித் தண்ணீரையே குடிக்கவும் சமைக்கவும் கொடுங்கள். ஓக்லி ஊர்த் தாய்மார்கள் செய்தது அதைத்தான். காவித் தண்ணீர்க் கறைக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பிள்ளைகளில் பல் மருத்துவம் படித்தவர்களும் இருக்கிறீர்கள், நீங்களும் வந்து பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்