தேறுவானா?

விளையாட்டுப் பக்கங்களில் இப்போது ‘பிராஸ்பெக்ட்’ என்ற சொல் தலைகாட்டுகிறது. அமெரிக்க பேஸ்பாலில் கீழ்நிலை அணிகளில் பக்குவப்படும் இளைஞனுக்கு அந்தப் பெயர். லத்தீன் வேரில் முன்னோக்கிப் பார்த்தல்; பிறகு சுரங்கக்காரர்களுக்குக் கனிமம் கிடைக்கக்கூடிய இடம். மண்ணைப் பார்த்த கண்ணால் பையனையும் பார்க்கிறார்கள்! எங்கள் திருவேங்கடம் பக்கம் கேள்வி ஒன்றுதான்: “பய தேறுவானா?” தேறுதல் என்றால் தெளிதல். கலங்கல் நீரைத் தெளிய வைப்பது தேற்றாங்கொட்டை. நோயாளி தேறுவதும், துக்கப்பட்டவரைத் தேற்றுவதும், செலவுபோகக் கையில் நாலு காசு தேறுவதும் அந்த வழிதான். கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் அப்படித் தேறித்தான் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். ‘பிராஸ்பெக்ட்’டைத் தமிழில் ‘வருங்கால நட்சத்திரம்’ என்பது எனக்கு ஒவ்வாது, தீர்ப்பு முந்திக்கொள்கிறது. ஏறுமுகம் போல் ‘தேறுமுகம்’ என்று எழுதிப் பார்க்கலாம். ஆளைக் குறிக்கும்போதுதான் இடறுகிறது: ‘தேறுமுகத்தான்’ என்றால் முருகன் கோபித்துக்கொள்வார்.