வேடு கட்டிய முட்டி முதல் திருகு மூடி வரை: கொழும்பு வீட்டு ஜாமின் கொள்கலன் வரலாறு

கிருலப்பனைச் சந்தையில் விளாம்பழம் வாங்குவது எளிது. அதைப் பிசைந்து வடித்து, சீனி சேர்த்துக் கிண்டி இறக்குவதும் பழகிய கைக்குப் பெரிய வேலையல்ல. இறக்கிய ஜாமை எதில் ஊற்றி, எதால் மூடுவது என்பதில்தான் சிக்கல். மேல்நாட்டுச் சமையல் நூல்கள் இதற்கென்றே செய்த சாடி வீட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகின்றன. கொழும்பு வீடுகளில் அத்தகைய சாடி ஒருபோதும் பொதுவழக்காகவில்லை. வேறொரு பண்டம் வந்திறங்கிய போத்தலில்தான் வீட்டு ஜாம் குடியேறியது. ஆகவே இங்கே பலவீனமான இடம் எப்போதும் மூடியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழத்தை இனிப்பில் காப்பது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தார் பனம்பழக் களியைப் பாயில் படைபடையாக ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டாக்கினர். அதையே துண்டுபோட்டுப் பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. 1850இல் கொழும்பில் அச்சான வில்லியம் பெர்குசனின் பனை நூல் பனாட்டைப் பற்றிப் பேசுகிறது. இத்தகைய பண்டம் வைத்த முட்டியின் வாய்க்குத் துணியால் வேடு கட்டுவார்கள். கடல் வணிகம் இதைவிடத் திடமான கலங்களையும் கொண்டுவந்தது. பர்மாவின் மர்த்தபான் துறையின் பெயரால் அழைக்கப்பட்ட பெரிய மெருகிட்ட சாடிகளில், உப்பிட்ட மாங்காயும் எலுமிச்சையும் கடற்பயணத்துக்காக நிரப்பித் தரப்பட்டதை 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா குறித்திருக்கிறார்.

வேடு காற்றைத் தடுக்காது; தூசியையும் எறும்பையுமே தடுக்கும். பண்டத்தைக் காத்தது உள்ளிருந்த இனிப்பும் உப்புமே. விக்டோரியா காலத்து ஆங்கிலேய இல்லத்தரசி பிராந்தியில் நனைத்த காகிதவட்டத்தை ஜாமின்மேல் ஒட்டி, வாயை வேறொரு காகிதத்தால் கட்டியதும் ஏறத்தாழ இதே வேலைதான். காற்றை வெளியேற்றி அடைக்கும் வழி பிரெஞ்சுக்காரர் நிக்கொலா அப்பேர் செய்த சோதனைகளில் பிறந்தது. தக்கையிட்டுக் கம்பியால் இறுக்கிய கண்ணாடிப் போத்தல்களை வெந்நீரில் வேகவைக்கும் முறைக்காக அவர் 1810இல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். நியூயார்க்கின் ஜோன் மேசன் 1858 நவம்பர் 30இல் திருகுவாய்ச் சாடிக்குக் காப்புரிமை பெற்றார். 1900இல் ஜெர்மனியில் தொடங்கிய வெக் கம்பனி கண்ணாடி மூடியையும் றப்பர் வளையத்தையும் பரப்பியது. தட்டும் வளையமும் தனித்தனியான மூடியை 1915இல் அமெரிக்காவில் கெர் என்பவர் கொண்டுவந்தார். இதன் பின்தான் சாடி பலமுறை, தட்டு ஒருமுறை என்ற ஒழுங்கு உருவானது. வீட்டுப் பதனிடலின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுவே என்பேன்; ஏனெனில் கெட்டுப்போகும் பாகத்தை மட்டும் மலிவாக மாற்றிக்கொள்ள இது வழிவிட்டது.

இந்த ஒழுங்கு கொழும்புக்கு வந்து சேரவில்லை. இங்கே அதற்கான தேவையோ கூடுதல். சீனிச் செறிவு 65 சதவீதத்தை எட்டிய ஜாம் எளிதில் நொதிக்காது. ஆனால் அது ஈரத்தை இழுக்கும். கடற்கரையை அண்டிய வெள்ளவத்தையிலும் கால்வாய் ஓரத்துக் கிருலப்பனையிலும் காற்றின் ஈரப்பதன் இரவில் எண்பது சதவீதத்தைத் தாண்டும். மூடி சற்றே தளர்ந்தால் போதும்: ஜாமின் மேற்பரப்பு நீர்த்து, பூஞ்சணம் படியும். குளிர்நாட்டு அலுமாரியில் காகிதமூடி தாங்கியது நம் அலுமாரியில் தாங்காது. மாறாக, ஹப்புத்தளையில் 1931இல் கட்டப்பட்டு 1961இல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் கைக்கு வந்த அடிஷாம் மாளிகை ஜாமுக்குப் பேர்போனது. மலைக்குளிர் அவர்களுக்குத் துணை.

அரசின் சந்தைப்படுத்தல் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அழைக்கப்பட்ட எம்.டி. ஜாம் போத்தல்கள் கொழும்புச் சமையலறைகளில் இரண்டாம் வாழ்வு பெற்றன. 1970 முதல் 1977 வரையான மூடிய பொருளாதாரக் காலத்தில் இறக்குமதி சுருங்க, சீனியும் பங்கீட்டுக்குள் வர, வெற்றுப் போத்தல் சொத்தானது. ஹோர்லிக்ஸ் போத்தல் ஊறுகாய்க்கும் ஜாமுக்கும் போனது. ஆனால் அதன் மூடி உலர்ந்த மாவுக்காகச் செய்யப்பட்டது. கொதிக்கும் ஜாம் ஆறும்போது உண்டாகும் வெற்றிடத்தைத் தாங்க அல்ல. போத்தல்காரர் எடைபோட்டு வாங்கிச் செல்லும் சாக்கில் மூடியில்லாத போத்தல்களே பெரும்பாலும் கிடப்பதை இன்றும் பார்க்கலாம்.

இன்றைய ஜாம் போத்தலின் தகர மூடியைக் கவிழ்த்துப் பாருங்கள். விளிம்பில் உள்நோக்கி வளைந்த பற்கள். அவற்றுக்குள் பால்நிறத்தில் மெல்லிய பசை வளையம். 85 பாகை செல்சியசுக்கு மேல் சூடான ஜாமை ஊற்றி மூடியதும் அந்த வளையம் இளகி, போத்தல் விளிம்பின் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது. ஆறும்போது மூடியின் நடு உள்ளே குழிகிறது. இரண்டாம் முறை பயன்படுத்தினால் வளையத்தில் பழைய பள்ளம் அப்படியே இருக்கும். போத்தல் விளிம்பு அதே இடத்தில் பொருந்துமென்று உறுதியில்லை. உப்புக் காற்று பற்களைத் துருப்பிடிக்கவும் செய்யும். மூடிக்குப் பதிலாக ஜாமின்மேல் மெழுகு உருக்கி ஊற்றும் பழைய முறையை அமெரிக்க விவசாயத் திணைக்களம் இப்போது பரிந்துரைப்பதில்லை. மெழுகு சுருங்கி ஓரத்தில் இடைவெளி விடும்.

பிளாஸ்டிக் சாடி மலிவு, பார்வைக்கும் பளிச்சென்று இருக்கும். எனினும் வழக்கமான பெற் (PET) சாடி 70 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்குவதால் சூடான ஜாமுக்கு அது உதவாது. கண்ணாடியை எங்கோ தேட வேண்டியதில்லை. ரத்மலானையில் இயங்கிய சிலோன் கிளாஸ் கம்பனியின் உற்பத்தி பின்னர் ஹொறணைக்குப் போனது. ஹொறணையும் கிருலப்பனையிலிருந்து எட்டமுடியாத தொலைவல்ல.

போத்தல் பழையதாக இருக்கலாம். மூடி புதியதாகவே இருக்க வேண்டும். விளிம்பில் சிறு உடைவும் இல்லாத போத்தலைத் தேர்ந்து, அதன் வாயை அளந்து, அந்த அளவுக்கே மூடி வாங்குங்கள். ஜாம் போத்தல்களில் 63 மில்லிமீற்றர் வாய் பரவலாக உண்டு. மூடியை அளவு குறித்து, பத்துப் பத்தாகத் தனியே விற்க நம் சந்தைக் கடைக்காரர்கள் முன்வர வேண்டும்.