பள்ளியில் ஒரு வழித்துணை

பள்ளிக்கூடம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர்கள் தலைமையாசிரியரும் பாட ஆசிரியர்களுமே. பாடம் நடத்தாமல், மதிப்பெண் இடாமல், தண்டனையும் தராமல், மாணவன் கூறுவதைக் கேட்பதையே முதற்கடமையாகக் கொண்ட ஒருவரும் அங்கே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் உலகில் தோன்றி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலாகிறது. அவரைப் பள்ளி ஆலோசகர் என்கிறோம். அவர் யார் பக்கம் நிற்பவர்? மாணவன் பக்கமா? அல்லது அம்மாணவனைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்ள விரும்பும் ஆலையின் பக்கமா, அரசின் பக்கமா? அவருடைய வரலாறு பெரும்பாலும் இவ்வினாவைச் சுற்றியே நடந்திருக்கிறது.

இந்த வரலாறு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் வடகோடிப் பகுதியில் இத்தாலியிலிருந்தும் உருசியாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. சிறுவர் பலர் இளமையிலேயே பள்ளியை விட்டு, கண்ணில் பட்ட முதல் வேலையில் நுழைந்தனர். சில மாதங்களில் அதையும் விட்டு வேறொன்றைத் தேடினர். இவர்களுக்காக 1908-ஆம் ஆண்டு சனவரியில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் தேர்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

பார்சன்ஸின் வாழ்க்கையே ஒரு விந்தை. 1854-இல் பிறந்த அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று இரயில்வே நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார்; அந்நிறுவனம் நொடித்துப் போயிற்று. பின்னர் இரும்பாலையில் உடலுழைப்பு, பள்ளியில் ஆசிரியப் பணி, சட்டப் படிப்பு, சட்டநூல் எழுதும் வேலை, கல்லூரிப் பேராசிரியர் பதவி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல துறைகளைக் கண்டார். 1895-இல் பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. இவ்வளவு துறைகளில் அலைந்தவரா பிறருக்குத் தொழில் தேர்ந்து கொடுப்பது என்று சிலர் நகைக்கலாம். ஆனால், வழி தவறியவனுக்கன்றோ வழிகாட்டியின் அருமை தெரியும்!

தம்மிடம் வந்த இளைஞரிடம் அவர் நீண்ட வினாப் பட்டியலைக் கொடுத்தார். உடல்நலம், படித்த நூல்கள், ஓய்வுநேரத்தைக் கழிக்கும் முறை, செலவுப் பழக்கம், விருப்பு வெறுப்பு யாவற்றையும் அவர்கள் எழுதித் தரவேண்டும். முதலில் தன்னை அறிதல். அடுத்து, ஒவ்வொரு தொழிலும் வேண்டும் தகுதி, தரும் ஊதியம், வளர்ச்சிக்கு இடம் ஆகியவற்றை அறிதல். பின்பு இவ்விரண்டையும் பொருத்தி ஆராய்தல். இதுவே அவர் முறை. முடிவு செய்ய வேண்டியவன் இளைஞனே. ஆலோசகர் அவனுக்காக முடிவு செய்தல் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவரிடம் குறையும் இருந்தது. வந்தவர் தலையின் வடிவத்தைக் கண்டும் அவர் இயல்பை ஊகிக்க முயன்றார். அக்காலத்தில் பலரும் நம்பிய அப்போலி அறிவியல் பின்னர் அடியோடு தள்ளப்பட்டது. நிலையம் தொடங்கிய அதே ஆண்டு செப்டம்பரில் பார்சன்ஸ் மறைந்தார். அவருடைய நூல் 1909-இல்தான் வெளிவந்தது.

இதே வேளையில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஜெசி டேவிஸ் என்னும் தலைமையாசிரியர் வேறொரு வழி கண்டார். 1907 முதல் அவர் பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் வாரம் ஒரு முறை தொழில்களைப் பற்றியும் நல்லொழுக்கத்தைப் பற்றியும் மாணவர் எழுதினர். தனி அறையும் தனிப் பதவியும் இல்லாமலே வழிகாட்டல் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பாஸ்டன் பள்ளிகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் தத்தம் வகுப்பு வேலையோடு இப்பணியையும் சுமந்தனர்.

முதல் உலகப் போர் இத்துறையின் போக்கை மாற்றியது. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், ஏறத்தாழ 17 இலட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வுகள் நடத்தப்பட்டன. யாரை எப்பணியில் அமர்த்துவது என்று விரைந்து பிரிக்க இராணுவம் கையாண்ட அக்கருவி, போர் முடிந்தபின் பள்ளிகளுக்குள் புகுந்தது. மாணவன் தன்னைப் பற்றிச் சொன்னது பின்னுக்குப் போய், அவனைப் பற்றி எண் ஒன்று சொன்னது முன்னுக்கு வந்தது. இம்முறை வேலையை எளிதாக்கிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எளிதானது எல்லாம் நேரானதன்று.

பள்ளியில் பெரியவர் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை மால்கம் எக்ஸ் தம் வரலாற்றில் கூறுகிறார். அந்நூல் 1965-இல் வெளிவந்தது. மிச்சிகனில் எட்டாம் வகுப்பில் முதன்மையான மாணவர்களுள் ஒருவராக விளங்கிய அவர், வழக்கறிஞராக விரும்புவதாக ஆசிரியரிடம் சொன்னார். கறுப்பினத்தவனுக்கு அது ஆகாத ஆசை, தச்சு வேலை பொருந்தும் என்று ஆசிரியர் அறிவுரை கூறினார். அவரைவிடக் குறைவாகப் படித்த வெள்ளை மாணவர்களுக்கோ, விரும்பியதையே படிக்குமாறு ஊக்கம் கிடைத்தது. அந்த ஆசிரியர் தீய எண்ணத்தோடு பேசினார் என்று மால்கம் கருதவில்லை. அதுவே நம்மை அதிகம் சிந்திக்கச் செய்வது.

1942-இல் உளநூலறிஞர் கார்ல் ராஜர்ஸ், அறிவுரை கூறுவதைவிடக் கேட்பதே பயன்தரும் என்று தம் நூலில் வற்புறுத்தினார். அக்கருத்துப் பள்ளிகளிலும் செல்வாக்குப் பெற்று வந்த காலத்தில், 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக் துணைக்கோளை வானில் ஏவியது. அதிர்ந்துபோன அமெரிக்கா 1958-இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றிற்று. ஆலோசகர்களைப் பயிற்றவும் திறனறி தேர்வுகள் நடத்தவும் பெரும்பணம் ஒதுக்கப்பட்டது. ஆலோசகர் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது. ஆனால் சட்டத்தின் நோக்கமோ அறிவியலுக்கும் பொறியியலுக்கும் ஏற்ற மாணவரைக் கண்டெடுப்பது. இசையில் நாட்டமுள்ள மாணவன் அந்த அறைக்குள் சென்றால் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும்? 1963-இல் சிக்கூரல், கிட்சூஸ் என்னும் சமூகவியலறிஞர் இருவர் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஆராய்ந்து, கல்லூரிக்குரிய பாதையில் எவரைச் செலுத்துவது என்பதில் மதிப்பெண்ணோடு குடும்ப நிலை பற்றிய எண்ணங்களும் ஆலோசகரின் தீர்ப்பில் கலந்திருந்ததை எடுத்துக்காட்டினர்.

நம் நாட்டில் இதற்கு அழுத்தமான குரல் கொடுத்த குழுவின் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். மருத்துவரான அவர் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைப் பள்ளியிலேயே வகுக்கப் பரிந்துரைத்தது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை ஏழில் ஒன்றை எவ்வாறு தேர்வது? ஆகவே பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்களும் ஆசிரியர்களும் வேண்டும் என்றும் அக்குழு கூறிற்று. 1954-இல் தில்லியில் மத்திய வழிகாட்டல் நிலையம் ஏற்பட்டது. ஆனால் பிரிவுகள் பள்ளிகளுக்கு வந்த வேகத்தில் ஆலோசகர் வரவில்லை.

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழு நாட்டின் பொருள்நிலையை எண்ணிப் பார்த்து, குறைந்த அளவாகப் பத்துப் பள்ளிகளுக்குச் சென்று வரும் ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்றது. அமெரிக்காவில் 1959-இல் ஜேம்ஸ் கோனன்ட் வேண்டியதோ 250 முதல் 300 மாணவருக்கு ஒரு முழுநேர ஆலோசகர். பத்துப் பள்ளிகளைச் சுற்றி வருபவர் ஒரு பள்ளியில் எத்தனை நாள் இருக்க முடியும்? தேர்வில் தவறியவனும், வீட்டில் படிப்பை நிறுத்தப் போகிறார்கள் என்று அஞ்சும் பெண்ணும் அவர் வரும் நாள் பார்த்தா துன்பப்படுவார்கள்? மற்ற நாள்களில் அவர்கள் வகுப்பாசிரியரிடம்தான் செல்ல வேண்டும். அவரோ நாளை அவர்களுக்கே மதிப்பெண் இட வேண்டியவர். 2018-இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 14417 என்னும் தொலைபேசி எண்ணில் மாணவர்க்கு வழிகாட்டும் உதவி மையத்தைத் தொடங்கியது. அந்த எண்ணில் பேசுகிறவனுக்கு மறுமுனையில் மதிப்பெண் ஏடு இல்லை.