மூணு இன்ச் துணியின் கதை: ஹை-வேஸ்ட் ஜீன்ஸ் யாருக்கு எடுப்பு?

ஜீன்ஸ் பத்தி ஒரு எபிசோட் பண்ணப் போறேன்னு சொன்னதுமே என் நட்பு வட்டாரத்துல ஒரு சின்னக் கலவரம். ஒருத்தி, "ஹை-வேஸ்ட் போட்டா கால் நீளமாத் தெரியும்டி, வேற எதையும் தொடாத"ங்கிறா. இன்னொருத்தி, "ஐயோ, அது வயித்தை எடுத்துக் காட்டும், அம்மா மாதிரி இருக்கும்"ங்கிறா. ரெண்டு பேரும் பேசுறது ஒரே பேன்டைப் பத்தி. ரெண்டுல எது சரி? அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல ஒரு அளவு. ஜீன்ஸ்ல 'ரைஸ்'னு ஒண்ணு இருக்கு. ரெண்டு காலும் சேருற தையல்ல இருந்து முன்பக்க இடுப்புப் பட்டி வரைக்குமான உயரம். தோராயமா, ரைஸ் 7, 8 இன்ச் இருந்தா லோ-வேஸ்ட். 10 இன்ச்சைத் தாண்டினா ஹை-வேஸ்ட். நடுவுல இருக்கிறது மூணு இன்ச் துணி. அந்த மூணு இன்ச்சோட மரியாதை 150 வருஷத்துல எப்படியெல்லாம் ஏறி இறங்கிச்சுங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

தோளில் தொங்கிய பேன்ட்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்று ஒரு ஊர். அங்கே ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரிடம் ஒரு பெண் வருகிறார். விறகு வெட்டும் தன் கணவருக்குச் சீக்கிரம் கிழியாத பேன்ட் வேண்டும் என்கிறார். குதிரைப் போர்வைகளில் அடிக்கும் செப்பு ரிவெட்டுகள் டேவிஸின் கடையில் கிடக்கின்றன. அவற்றையே பாக்கெட் ஓரங்களில் அடித்துக் கொடுக்கிறார். பேன்ட் நன்றாக உழைக்கிறது, ஆர்டர் குவிகிறது. அவருக்குத் துணி கொடுத்துவந்தவர் சான் ஃபிரான்சிஸ்கோ வியாபாரி லீவை ஸ்ட்ராஸ். இருவரும் கைகோத்து 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். எண் 139,121.

அதுக்கு அப்போ 'ஜீன்ஸ்'னு பேரு கிடையாது. 'வேஸ்ட் ஓவரால்ஸ்'. பேர்லயே இடுப்பு இருக்கு, பாருங்க. பெல்ட் மாட்டுற லூப்பும் கிடையாது. லீவைஸ் பேன்ட்ல அது வந்ததே 1922-லதான். அதுவரைக்கும் சஸ்பென்டர்தான், அதாவது தோள்ல மாட்டுற வார். தோள்ல இருந்து தொங்குற பேன்ட், நிக்கிறதுக்கு இடுப்பெலும்பைப் பிடிச்சுக்க வேண்டியதில்ல. நம்ம தாத்தாக்கள் வேட்டி கட்டுற இடத்துல, தொப்புளை ஒட்டி நிக்கும். சுரங்கத்துல நாள் முழுக்கக் குனிஞ்சு வேலை பார்க்கிறவருக்குச் சட்டை பிதுங்காது, முதுகு தெரியாது.

ஆக, ஹை-வேஸ்ட் பிறந்தது ஆம்பளைங்க வேலைக்குப் போட்ட உடுப்பா. கால் நீளமாத் தெரியுதாங்கிற கேள்விக்கே அங்க இடமில்ல.

பண்ணைக்குள் சரி, கோர்ட்டுக்குள்?

1934-ல் லீவைஸ் பெண்களுக்கென்று தன் முதல் ஜீன்ஸைக் கொண்டுவந்தது. பெயர் 'லேடி லீவைஸ்', லாட் 701. உயரமான இடுப்பு, நடுவில் குறுக்கிய வெட்டு. பண்ணையில் வேலை செய்த பெண்கள் வாங்கினார்கள். விடுமுறைக்கு விருந்தினர் பண்ணைகளுக்குக் குதிரையேறப் போன நகரத்துப் பணக்காரப் பெண்களும் வாங்கினார்கள். அடுத்த வருடமே வோக் பத்திரிகையில் அந்தத் தோற்றம் வந்துவிட்டது.

ஆனால் பண்ணைக்கு வெளியே கதை வேறு. 1938 நவம்பர், லாஸ் ஏஞ்சலிஸ். ஹெலன் ஹூலிக் என்ற மழலையர் பள்ளி ஆசிரியை ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு வருகிறார். போட்டிருந்தது ஸ்லாக்ஸ். நீதிபதி ஆர்தர் கெரின், போய் டிரஸ் போட்டுக்கொண்டு வரச் சொல்லி வழக்கைத் தள்ளிவைக்கிறார். ஹூலிக் மறுபடியும் பேன்ட்டில் வருகிறார். விளைவு, நீதிமன்ற அவமதிப்புக்கு 5 நாள் சிறை. மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது.

அது ஜீன்ஸ் இல்ல, ஸ்லாக்ஸ்தான். ஆனா நிலைமை புரியுதுல்ல? "இது உனக்குப் பொருந்தாது"ன்னு ஒரு பொண்ணுகிட்ட நீதிபதியே சொல்லி, ஜெயில் வரைக்கும் அனுப்பப் பார்த்த காலம் அது. பொருந்தாதுங்கிற வார்த்தைக்குப் பின்னாடி யாரோ ஒருத்தரோட அதிகாரம் நிக்கும். இதை ஞாபகத்துல வச்சுக்குங்க.

இரண்டாம் உலகப் போரில் பெண்கள் தொழிற்சாலைகளுக்குள் வந்தார்கள், டெனிமும் கூடவே வந்தது. 1954-ல் 'ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன்' படத்தில் மர்லின் மன்றோ உயர் இடுப்பு ஜீன்ஸ் போட்டுத் திரையில் வந்தார். அப்போதும் ஒரு தயக்கம் மிச்சமிருந்தது. முன்பக்க ஜிப் ஆண்களுடையது என்று, பெண்களின் ஜீன்ஸ் பலவற்றுக்கு ஜிப்பைப் பக்கவாட்டில் தைத்தார்கள்.

இறங்கிய இடுப்பு, ஏறிய இடுப்பு

1960-களின் கடைசியில் இளைஞர்கள் இடுப்புப் பட்டியைக் கீழே இறக்கினார்கள். ஹிப்-ஹக்கர், கூடவே பெல்பாட்டம். அப்பா அம்மா போட்ட மாதிரி போடக்கூடாது, அவ்வளவுதான் லாஜிக். 1970-களின் பிற்பாதியில் இடுப்பு மறுபடி ஏறியது. பின் பாக்கெட்டில் குளோரியா வாண்டர்பில்ட் பெயர் தைத்த ஜீன்ஸ் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. அதைத் தயாரித்து விற்றவர் இந்திய வம்சாவளித் தொழிலதிபர் மோகன் முர்ஜானி. 1980-கள் முழுக்க ஹை-வேஸ்ட் ராஜ்ஜியம்.

பிறகு 1993. லண்டனில் அலெக்ஸாண்டர் மெக்வீன் என்ற இளம் வடிவமைப்பாளர் 'பம்ஸ்டர்' என்ற பேன்ட்டைக் கொண்டுவந்தார். முதுகுத்தண்டின் அடி தெரியும் அளவுக்கு அது கீழே இறங்கியது. அதிர்ச்சிக்காக மட்டும் அதைச் செய்யவில்லை, உடலின் மேற்பகுதியை நீளமாகக் காட்டுவதுதான் நோக்கம் என்று அவர் விளக்கினார். 2000-களின் தொடக்கத்தில் பிரிட்னி ஸ்பியர்ஸ் வரை எல்லாரும் லோ-வேஸ்ட்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ஹை-வேஸ்ட் ஏன் அழகுன்னு கேட்டா, "காலை நீளமாக் காட்டும்"கிறோம். லோ-வேஸ்ட் ஏன் அழகுன்னா, "மேலுடம்பை நீளமாக் காட்டும்." ரெண்டுமே நிஜம். பட்டியை மேல ஏத்தினா கால் நீளும், முதுகு குறுகும். இறக்கினா உல்டா. உடம்போட மொத்த உயரம் அதேதான். எந்தப் பாதி நீளமா இருந்தா அழகுங்கிறதை மட்டும் ஒவ்வொரு காலமும் மாத்தி மாத்திச் சொல்லுது.

'அம்மா' எப்போது கிண்டலானது?

2003-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் ஒரு போலி விளம்பரம் வந்தது. டீனா ஃபே, மாயா ருடால்ஃப், ஏமி போலர், ரேச்சல் டிராட்ச் நால்வரும் உயர் இடுப்பு ஜீன்ஸில் நடித்தார்கள். பொருளின் பெயர் 'மாம் ஜீன்ஸ்'. இதைப் போட்டால் இனி நீ பெண் இல்லை, வெறும் அம்மா, என்பதுதான் அதிலிருந்த ஜோக். பெயர் ஒட்டிக்கொண்டது. 2009-ல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் முதல் பந்து வீச வந்த அதிபர் ஒபாமாவின் தொளதொள ஜீன்ஸையும் அதே பெயர் சொல்லித்தான் கலாய்த்தார்கள்.

அந்த ஜோக் எனக்கும் சிரிப்பு வரவைக்கும், மறைக்கல. ஆனா அது எதை வச்சு வேலை செய்யுது? குழந்தை பெத்தவளுக்கு ஸ்டைல் எதுக்குங்கிற நினைப்பை வச்சு. வயிறு லூஸா இருக்கலாம், குனிஞ்சு குழந்தையைத் தூக்கலாம், பேன்ட் நழுவாது. இந்த வசதி சுரங்கத் தொழிலாளிக்குப் பெருமை, அம்மாவுக்குக் கேலி.

பத்து வருடம்கூட ஆகவில்லை. 2010-களில் ஹை-வேஸ்ட் திரும்பியது. டாப்ஷாப் போன்ற கடைகள் 'மாம் ஜீன்ஸ்' என்ற பெயரையே லேபிளாக்கி, அம்மா ஆகாத இருபது வயதுப் பெண்களுக்கு விற்றன. 2021 அக்டோபரில் மியூ மியூ தன் ஷோவில் இடுப்பை மறுபடி கீழே இறக்கிக் காட்டியது. சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

நான் குள்ளம். மேலுடம்பு இன்னும் குட்டை. ஒரு கடையில 11 இன்ச் ரைஸ் ஜீன்ஸ் போட்டுப் பார்த்தப்போ பட்டி கிட்டத்தட்ட விலா எலும்பைத் தொட்டுச்சு. விற்பனையாளர் என்னைப் பார்த்து, "உங்க பாடிக்கு இது செட் ஆகாது மேடம்"னார். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க. செட் ஆகாதது அந்தப் பேன்ட். என் பாடி அதுபாட்டுக்கு இருக்கு. ரைஸ் 9.5 இன்ச் இருந்த ஒரு ஜோடி எனக்குக் கச்சிதமா உட்கார்ந்துச்சு. அதே 11 இன்ச், நீளமான மேலுடம்பு இருக்கிற என் தோழிக்கு வெறும் மிட்-வேஸ்ட். லேபிள்ல இருக்கிற பேரு எல்லாருக்கும் ஒண்ணு, உட்காருற இடம் ஒவ்வொருத்தருக்கும் வேற.

வெட்டுல நிஜமாவே சில விஷயம் இருக்கு. இடுப்பு சின்னதா, பின்பக்கம் பெருசா இருக்கிறவங்களுக்கு ஹை-வேஸ்ட் தானாவே நிக்கும், ஏன்னா குறுகலான இடத்துல பிடிச்சுக்குது. லோ-வேஸ்ட்டை இழுத்து இழுத்து விடணும். நேரான உடம்பு வாகுன்னா அந்த நன்மை குறைவு. துணியும் முக்கியம். முழுப் பருத்தி டெனிம் விறைப்பா நிக்கும், போடப் போடத்தான் தளரும். ஒண்ணு ரெண்டு சதவீதம் எலாஸ்டேன் கலந்தது உடம்போட வளையும். ட்ரையல் ரூம்ல நின்னு மட்டும் பார்க்காதீங்க, உட்கார்ந்து பாருங்க. வயித்துல பட்டி அழுந்துச்சுன்னா, ஆபீஸ்ல எட்டு மணி நேரமும் அழுந்தும்.

ஒரு டிரஸ் நல்லா அமைஞ்சா நம்ம பாட்டிங்க "எடுப்பா இருக்கு"ம்பாங்க. எடுப்புன்னா எடுத்துக் காட்டுறது. ட்ரையல் ரூம்ல நமக்குக் கிடைக்கிற அட்வைஸ் எல்லாம் அதுக்கு நேர் எதிர்: வயித்தை மறை, தொடையை மறை, குள்ளத்தை மறை. ஹை-வேஸ்ட் எடுப்பான்னு கேட்டா, என் பதில் இது: உங்க இடுப்பு இருக்கிற இடத்துல அது உட்கார்ந்தா, எடுப்புதான். உட்காரலைன்னா வேற ரைஸ் எடுங்க. ஆனா எதையோ மறைக்கணும்னு மட்டும் வாங்காதீங்க. மறைக்க வேண்டியது எதுங்கிற பட்டியல் பத்து வருஷத்துல மாறிடும், அந்த உடம்போட நீங்கதான் இருக்கணும்.

அடுத்த எபிசோட்ல 'டங்கரீ'. அந்தப் பேரு மும்பையோட டோங்ரிப் பகுதியில இருந்து கப்பலேறின கதையைப் பேசுவோம். அதுவரைக்கும், பை!