விஞ்ஞானப் பட்டத்துக்கு மலையகம் விண்ணப்பித்த வரலாறு

இலங்கையின் மலையகத்துக்கு விஞ்ஞானம் பயிரைத் தேடி வந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821-லும், நுவரெலியாவை அடுத்த ஹக்கல பூங்கா 1861-லும் அமைந்தன. 1869-ல் கோப்பி இலைகளில் துருநோய் கண்டது. அதை ஆராய 1880-ல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை என்பதையும், அதன் வித்திகள் காற்றில் பரவுவதையும் அவர் காட்டினார். ஆனாலும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் 1925-ல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. மண்ணையும் கொழுந்தையும் பகுத்தாயும் ஆய்வுகூடம், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இயங்கியது. அந்த லயங்களில் பிறந்த பிள்ளை ஒரு சோதனைக் குழாயைக் கையில் எடுக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

தோட்டப் பிள்ளைகளின் கல்வியைச் சட்டம் முதன்முதலில் கவனித்தது 1907-ல். அவ்வாண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துச் சிறுவருக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்டத்தை நிர்வகித்த துரைமார் மீது சுமத்தியது. அதன்படி எழுந்த பாடசாலை பெரும்பாலும் ஒரே அறைதான். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். சில தோட்டங்களில் கணக்கப்பிள்ளையோ கங்காணியோ அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு என்ற மூன்றும் முடிந்தால் பிள்ளை பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் சேரும் இடத்துக்கு, போகும் வயதை எட்டிவிடும். அதற்குமேல் படிக்க ஹட்டன், நுவரெலியா, கண்டி போன்ற நகரங்களில் மிஷனரிமார் நடத்திய ஆங்கிலப் பாடசாலைகளுக்குப் போக வேண்டும். பெரிய கங்காணிமார், கிளாக்கர்மார், கடை முதலாளிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கே அது கைகூடியது. வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914-ல் பிறந்து எழுத்தாளராகவும் 1947-ல் தலவாக்கலைப் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆன சி. வி. வேலுப்பிள்ளை அப்படிப் படித்து வந்தவர்களில் ஒருவர். அவரைப் போன்றோர் கற்ற கல்வி அரசியலுக்கும் இலக்கியத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இட்டுச்சென்றது. விஞ்ஞானத்தின் பக்கம் ஒரு பாதையும் இருக்கவில்லை.

1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகமும், 1945-ல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் வந்தன. நாட்டின் மற்ற ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரி வழியாகப் பல்கலைக்கழக வாசலுக்கு ஏற்றிய அந்த ஏணி தோட்டத்தை எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொதுக் கல்வி அமைப்புக்கு வெளியே, துரைமாரின் நிர்வாகத்திலேயே தொடர்ந்தன. பிறகு 1948-ன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. படிப்பை அது தொட்ட விதம் மறைமுகமானது, ஆனால் ஆழமானது. விஞ்ஞானப் பட்டதாரிக்கு அக்காலத்தில் வேலை கொடுத்தது அரசாங்கம். அரசாங்க வேலைக்குக் குடியுரிமை வேண்டும். மேற்படிப்புக்கு வெளிநாடு போகக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்கும் அதே குடியுரிமை வேண்டும். ஐம்பதுகளில் கொழும்புத் திட்டமும் அறுபதுகளில் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் இலங்கைப் பட்டதாரிகளை இலண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அழைத்தபோது, அந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்க்கும் நிலையில்கூடத் தோட்டத்து இளைஞன் இல்லை.

1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளின் 1974-ன் ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். இங்கே தங்கியவர்களுக்கோ எந்த நாட்டுக் காகிதம் வரும் என்ற கேள்வி பரீட்சைக் கேள்வியைவிடப் பெரிதாக இருந்தது. நாடற்ற நிலையைத் தீர்க்க 1988-லும் 2003-லும் தனித்தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன.

இந்தக் காலத்திலேயே பல்கலைக்கழக அனுமதியின் விதிகளும் மாறின. 1973-ல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974-ல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. யாழ்ப்பாணத்து மாணவரை வெளியே தள்ளிய அநீதியாக அவை தமிழரிடையே நினைவில் நிற்கின்றன. அந்த நினைவு பிழையானதல்ல. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மலையகத்தில் வேறொரு கதை உண்டு. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். ஒதுக்கப்பட்ட இடங்களில் அமரத் தோட்டத்துப் பிள்ளைகள் தொடக்கத்தில் இருக்கவில்லை; உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருந்தன. பின்னாளில் அவர்கள் வந்தபோது அதே ஒதுக்கீடு அவர்களுக்குக் கதவாயிற்று. இன்றைய முறையில் நாடு தழுவிய திறமைக்கு 40 வீதமும், மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்ப 55 வீதமும், பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதமும் ஒதுக்கப்படுகின்றன. ஓரிடத்தில் அநீதியாக நின்ற விதி இன்னோரிடத்தில் உதவிக்கு வருவதை ஒப்புக்கொள்ளத் தமிழ் எழுத்து கொஞ்சம் தயங்கியே வந்திருக்கிறது.

ஒதுக்கீடு இடத்தைத் தரலாம்; ஆய்வுகூடத்தைத் தராது. 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. எண்பதுகளின் நடுவிலிருந்து சுவீடனின் சீடா உதவியில் வகுப்பறைகள் எழுந்தன. ஜேர்மனி உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. ஆரம்பக் கல்வி இதனால் வெளிப்படையாக முன்னேறியது. உயர்தர விஞ்ஞானம் மட்டும் நகரத்தை விட்டு நகரவில்லை. இலங்கைப் பாடசாலை வகைப்படுத்தலில் 1ஏபி என்ற வகைக்கே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி, நுவரெலியா ஹோலி ட்ரினிட்டி கல்லூரி போன்ற ஒருசில பாடசாலைகளே மலையகத் தமிழ் மாணவருக்கு அந்தப் பிரிவின் வாசலாக இருந்தன. தோட்டத்திலிருந்து அங்கு வர அதிகாலை பஸ் பிடிக்க வேண்டும், அல்லது நகரத்தில் உறவினர் வீடு வேண்டும். அங்கே விஞ்ஞானமும் கணிதமும் கற்பித்தவர்களில் வடக்கு கிழக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் பலர். 1977-லும் 1983-லும் தமிழருக்கு எதிரான வன்முறை மூண்டதும் அவர்களில் பலர் திரும்பிவிட்டார்கள். பௌதிகவியல் ஆசிரியர் போய்விட்டால் ஒரு தலைமுறை கலைப்பிரிவுக்கு மாறும். மலையகத்தின் முதல் பேராசிரியர்கள் பொருளியலிலும் கல்வியியலிலும் தோன்றியதற்கு, பேராதனையின் மு. சின்னத்தம்பி, கொழும்பின் சோ. சந்திரசேகரன் போன்றோரின் தனித்திறமையோடு இந்தச் சூழலும் ஒரு காரணம்.

தடைகளைத் தாண்டி விஞ்ஞான பீடத்துக்குள் வந்தவரை அடுத்துச் சந்திப்பது மொழி. பாடசாலையில் இரசாயனவியலும் உயிரியலும் தமிழில். பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரையிலிருந்தே ஆங்கிலத்தில். மலையகத்துக்கு அருகிலிருந்த தெரிவான பேராதனை விஞ்ஞான பீடம் 1961-ல் தொடங்கியது. யாழ்ப்பாண வளாகம் 1974-ல் திறந்து, தமிழ் மாணவர் அதிகமுள்ள இன்னொரு தெரிவாயிற்று. பட்டத்துக்குப் பிந்திய படிப்பு வேறு கணக்கு. மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு வெளியேறுபவருக்கு ஆராய்ச்சிப் பட்டத்தின் வழி குறுகலானது. நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக முதல் ஆண்டுகளில் நல்ல பெறுபேறு வேண்டும். ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிக் கழிந்த ஆண்டுகள் அவையே. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய மூத்த பிள்ளைக்கு நான்காவது ஆண்டே ஓர் ஆடம்பரம். கிடைத்த பொதுப் பட்டத்தோடு ஊர் திரும்பி ஆசிரியராவது வழக்கமாயிற்று. மலையகத்துக்கு அது நன்மையும் செய்தது: இன்று தோட்டத்தில் பிறந்தவரே உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் வகுப்புகள் உண்டு.

அந்த ஆசிரியர்களுக்குப் பட்டப்பின் படிப்பின் கதவை ஓரளவு திறந்தது பேராதனையிலேயே 1996-ல் உருவான விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவகம். விவசாயத்துக்கான அத்தகைய நிறுவகம் அங்கே 1975 முதல் இருந்தது. பாடநெறிகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால் வேலையை விடாமல் படிக்கலாம். போய்வர வழியும் உண்டு: 1885-ல் நானுஓயாவை எட்டிய ரயில் பாதை ஹட்டனிலிருந்து பேராதனைக்கு நேராக இறங்குகிறது. இளமாணிக் கல்வி இலவசம். முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. பாடநெறி வழியான முதுமாணிக்கு 30 புள்ளிக்கூறுகளும் ஆராய்ச்சியோடு கூடியதற்கு 60 புள்ளிக்கூறுகளும் தேவை. இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வரும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிப் படிப்புக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் வழியைக் காட்டுகிறது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கெனத் தனியே ஒரு கல்வி நம்பிக்கை நிதியமும் பல பத்தாண்டுகளாக உதவி வருகிறது. 2005-ல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென ஒரு விஞ்ஞானமாணிப் பட்டத்தை வழங்குகிறது. தாய் கொழுந்து பறிக்கும் செடியையே மகள் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு இவ்வாறு வந்தது.

பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இப்போது இணையத்தில் நிரப்பப்படுகிறது. அதற்கு முன்பு எல்லாம் தபால்தான். தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கையோடு கையாக லயத்துக்குப் போகும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்த பிறகு கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். பல தோட்டங்களில் லய வீடுகளுக்குத் தனி இலக்கமும் முகவரியும் இன்றுவரை கிடைக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி கேட்கும் கட்டத்தில் தோட்டத்தின் பெயரும், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதும், அருகிலுள்ள தபாலகமும் எழுதப்படுகின்றன.