ஓரியின் ஐந்தாவது இலக்கு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை நாம் தோள்வலிமைக்காகவே கொண்டாடுகிறோம். புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் சொல்லும் வேட்டையைப் பாருங்கள்: ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என ஊடுருவி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. நான்கு விலங்குகளைத் துளைக்க வில்லின் விசை போதும். புற்றுக்குள் பதுங்கிய உடும்பை வீழ்த்தக் கண்ணும் கையும் ஒன்றாகப் பழகியிருக்க வேண்டும். இது புலவரின் மிகை என்பார்கள். மிகைதான், சந்தேகமில்லை, ஆனால் பெரிய யானையில் தொடங்கிச் சிறிய உடும்பில் முடித்த வரிசை, வேடர் சமூகம் எதை வியந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

அப்படியானால் பிறவியிலேயே கூரிய பார்வை வாய்த்தவன்தான் வில்லாளியா? இல்லை. தென்கொரிய வில்வித்தை வீரர் இம் டோங்-ஹியூனுக்கு இடக்கண் பார்வை 20/200 மட்டுமே. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில், 70 மீட்டர் தொலைவில் 72 அம்புகள் எய்து, 720-க்கு 699 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்தார். இலக்கு அவருக்கு மங்கலான வண்ணத் திட்டுகளாகவே தெரிந்தது. தேர்ந்த வீரர்களின் பார்வை, எய்வதற்குச் சற்று முன் இலக்கில் நெடுநேரம் அசையாமல் நிற்கிறது என்கின்றன கண்ணசைவு ஆய்வுகள். அந்த நிலைப்பு பயிற்சியால் வருவது. பார்வைக் குறைவு ஒரு தடையே அல்ல என்று சொல்லவில்லை. காட்டு நிழலில் அசையும் விலங்கு, வண்ணப் பலகை ஆகாது. ஆனாலும் கூர்மையைவிடப் பழக்கமே பெரிது.

அத்தனை திறமையும் ஓரியைக் காக்கவில்லை. மலையமான் திருமுடிக்காரி என்னும் மன்னன் போரில் அவனைக் கொன்று, கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான்.