பல் முளைக்கும் பருவத்தில் பால் மறுத்தல்

பால்பற்கள் ஈறைக் கீறிக்கொண்டு வெளிவரும் நாட்களில் கைக்குழந்தை தாய்ப்பாலையோ, புட்டிப்பாலையோ, இணை உணவையோ வழக்கம்போல் எடுத்துக்கொள்ளாமல் முரண்டுபிடிப்பது பல் முளைக்கும் பருவத்துப் பால் மறுப்பு எனப்படும். ஏறத்தாழ 6ஆம் மாதம் முதல் இரண்டரை வயது வரை இது விட்டுவிட்டு வரலாம். இது நோயன்று. பல் தலைகாட்டியதும் தணிந்துவிடும்.

வரலாறு

பல் முளைத்தலை நோய்களின் தாயாகக் கருதும் எண்ணம் மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸின் பெயரில் வழங்கும் நூல்களுள் ஒன்று பல் முளைக்கும் குழந்தைகளைப் பற்றியது. பண்டைய கிரேக்க, உரோமானிய மருத்துவத்தில் ஈறை மென்மையாக்க முயலின் மூளையைத் தடவும் வழக்கம் இருந்தது. ஆயுர்வேதத்தில் குழந்தை மருத்துவத்துக்கென்றே அமைந்த காசியப சம்ஹிதையில் பல் பிறப்புக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயத்தில், எல்லா நோய்களுக்கும் பல் முளைத்தல் காரணமாகக்கூடும் என்றார். ஆனால் பல் வந்ததும் அவை தாமே அடங்கும் என்பதால் குழந்தையை மருந்தாலும் பத்தியத்தாலும் வதைக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தினார். அந்த அறிவுரையின் அருமையைப் பின்வந்தவர்கள் உணரவில்லை.

16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, பல் வெளிவர வழிசெய்வதற்காக ஈறைக் கத்தியால் கீறும் முறையைப் பரிந்துரைத்தார். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இக்கொடுமை நீடித்தது. அக்காலத்தில் ‘பல் முளைத்தல்’ என்பதே இறப்புப் பதிவேட்டில் காரணமாக எழுதப்பட்டது. 1842ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பதிவாளர் அறிக்கைப்படி, லண்டனில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளில் 4.8 விழுக்காட்டினரின் சாவு பல்லின் கணக்கில் சேர்ந்தது. உண்மையில் அவர்களைக் கொன்றவை வயிற்றுப்போக்கும் தொற்றுக் காய்ச்சலுமே.

மருந்துகள் செய்த கேடு இதனினும் பெரிது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் விற்பனைக்கு வந்த ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ மார்பின் கலந்தது. அழும் குழந்தையை அது மயக்கத்தில் ஆழ்த்தியது. பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த புகழ்பெற்ற பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. அவற்றைத் தின்ற குழந்தைகளின் கைகால்கள் சிவந்து தோலுரிந்தன, பசி அற்றுப்போயிற்று. ‘இளஞ்சிவப்பு நோய்’ எனப்பட்ட இந்நிலைக்குப் பாதரசமே காரணம் என்பது 1940களில் தெரியவந்தது. 1954இல் பிரிட்டனில் அப்பொடிகள் விலக்கப்பட்டதும் நோயும் மறைந்தது. பால் மறுத்த குழந்தைக்குக் கொடுத்த மருந்தே பசியைக் கொன்றது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி. நைஜீரியாவில் 2008இல் ‘மை பிக்கின்’ என்ற பல் வலி மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருந்ததால் 80க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர்.

தமிழ் வீடுகளில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் இழைத்த உரைமருந்தும், 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டரும் பல் முளைக்கும் காலத்தில் இன்றும் புகட்டப்படுகின்றன. கிரைப் வாட்டரின் பழைய செய்முறையில் சாராயச் சத்து சேர்ந்திருந்தது.

முளைக்கும் வரிசை

பால்பற்கள் இருபது. இவை கருவில் ஏறத்தாழ 6ஆம் வாரத்திலேயே உருவாகத் தொடங்குகின்றன. கீழ்த்தாடை நடுவெட்டுப் பற்கள் 6 முதல் 10 மாதத்திலும், மேல் நடுவெட்டுப் பற்கள் 8 முதல் 12 மாதத்திலும் வரும். பக்கவெட்டுப் பற்கள் 9 முதல் 16 மாதத்துக்குள் வந்துவிடும். முதல் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதத்திலும், கோரைப்பற்கள் 16 முதல் 23 மாதத்திலும், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதத்திலும் முளைக்கும். அகன்ற கடைவாய்ப் பற்கள் வரும்போது தொல்லை கூடுதல். அரிதாகச் சில குழந்தைகள் பல்லோடு பிறப்பதும் உண்டு. இதைக் கெட்ட சகுனமாகக் கொள்வது மூடநம்பிக்கை.

காரணம்

உறிஞ்சும்போது வீங்கிய ஈறில் அழுத்தம் ஏறுவதால் வலிக்கிறது. பசியோடு மார்பைப் பற்றும் குழந்தை நாலைந்து வாய் இழுக்கும். சட்டென முகத்தைத் திருப்பி வீறிட்டழும். தன் கைமுட்டியைக் கடவாயில் திணித்துக் கடிக்கும். மறுபடி மார்பைத் தேடும். முலைக்காம்பைக் கடிப்பதும் இதனாலேயே.

எனினும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 125 குழந்தைகளைக் கண்காணித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்தை முழுதாக உறுதிப்படுத்தவில்லை. ஜொள்ளு வடிதல், கடித்தல், சிணுங்கல், தூக்கக் குறைவு, திட உணவில் நாட்டமின்மை ஆகியவை பல் வருவதற்கு 4 நாள் முன்பிருந்து 3 நாள் பின்பு வரையே மிகுந்தன. பால் போன்ற நீராகாரம் குறைதல், வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சத்து 6ஆம் மாதத்தையொட்டிக் குறைகிறது. இணை உணவும், கண்டதை வாயில் வைக்கும் பழக்கமும் அப்போதுதான் தொடங்குகின்றன. அக்காலத்து நோய்களுக்கான பழி பல்லின் மேல் விழுகிறது.

சமாளிக்கும் முறைகள்

பாலூட்டுவதற்குச் சற்று முன், நன்கு கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்க்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஈரத்துணியையோ ரப்பர் வளையத்தையோ கடிக்கக் கொடுக்கலாம். உறைந்து கல்லானதைக் கொடுக்கக் கூடாது. அரைத்தூக்கத்திலும், வெளிச்சம் குறைந்த அமைதியான அறையிலும் குழந்தை எளிதில் குடிக்கும். கடித்தால் வெடுக்கென்று இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்துப் பிடியை விடுவிக்க வேண்டும்.

மார்பை அறவே மறுக்கும் குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையிலோ கரண்டியிலோ சிறிது சிறிதாகப் புகட்டலாம். இதனால் தாய்க்குப் பால் கட்டாது, சுரப்பும் குறையாது. பீய்ச்சிய பாலை அறையில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது. இணை உணவு உண்ணும் குழந்தைக்குச் சூடு ஆறிய கஞ்சி, குழைத்த தயிர்ச்சாதம், மசித்த வாழைப்பழம் இதமானவை. வற்புறுத்தி வாயில் திணித்தால் மறுப்பு வலுக்கும்.

விலக்க வேண்டியவை

பென்சோகெயின் கலந்த ஈறுக்களிம்பு இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனைக் கெடுக்கக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது கூடாதென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. அம்பர் மணிமாலை கழுத்தை நெரிக்கும் ஆபத்துள்ளது. ஒரு வயதுக்குள் ஈறில் தேன் தடவுதல் கூடாது. அதில் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பச்சைக் கேரட் துண்டு தொண்டையில் அடைக்கலாம். வலி மிகுந்தால் எடைக்கேற்ற பாரசிட்டமாலை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் தரலாம்.

சடங்கு

யாழ்ப்பாணத் தமிழர் முதற்பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை செய்வர். அரிசிமாக் கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோல் பதித்து, குழந்தையை உட்காரவைத்துத் தலைமேல் வெள்ளைத் துணி பிடித்துக் கொழுக்கட்டைகளைச் சொரிவர். பின்னர் ஏடு, பேனா, நகை முதலியவற்றை முன்னே பரப்பி எதை எடுக்கிறதென்று பார்ப்பர். ஆர்மீனியரிடமும் லெபனான் மக்களிடமும் அவித்த கோதுமையைக் கொண்டு இதையொத்த கொண்டாட்டம் உண்டு.

இன்றைய நிலை

குழந்தை மருத்துவர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் இப்போது மருந்தின்றிச் சமாளிக்கும் முறைகளையே கற்பிக்கின்றனர். சளி, காதுவலி, வாயில் வெண்படலம், கொப்புளம் ஆகியவையும் பால் மறுப்புக்குக் காரணமாவதால் அவற்றை முதலில் பார்க்க வேண்டும். 6 முதல் 8 மணி நேரம் சிறுநீர் கழிக்காமை, உச்சிக்குழி பள்ளமாதல், கண்ணீரின்றி அழுதல், துவண்டு கிடத்தல், 102 பாரன்ஹீட்டைத் தாண்டிய காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல்லின் மேல் பழிபோட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.